கோடு ஏறினால் வடசென்னை சூடாகிறது என்று அர்த்தமா?

வியாசை வாசகன்:
நுங்கம்பாக்கம் நிலையத்தின் 1995 முதல் 2024 வரையிலான ஆண்டுச் சராசரி வெப்பநிலையைக் கணினியில் ஏற்றி நேர்கோடு பொருத்தினேன். கோடு மேலே ஏறுகிறது. வடசென்னை சூடாகிக்கொண்டே போகிறது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

எண்ணூர்க் கழிமுகம்:
நிறைய வேண்டும். நீங்கள் பொருத்திய மீச்சிறு வர்க்கக் கோடு (விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் மிகக் குறைவாக வரும்படி போடுவது) ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆண்டுகளின் பேச்சைத்தான் அதிகம் கேட்கும். உங்கள் தொடர் முடிகிற இடத்திலோ பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறிய 2023-24 எல் நினோ நிற்கிறது. அதுவும் போக, நுங்கம்பாக்கத்து வெப்பமானியை வைத்து வியாசர்பாடிக்குத் தீர்ப்பு எழுதுவது எந்த ஊர் நியாயம்?

தண்டையார்பேட்டை டீச்சர்:
ஒரு தொடரில் ஏறுமுகமோ இறங்குமுகமோ உண்டா என்று பார்க்கும் மான்-கெண்டால் சோதனைக்கு வாருங்கள் தம்பி. ஒவ்வோர் ஆண்டையும் அதற்குப் பிந்தைய எல்லா ஆண்டுகளோடும் ஒப்பிட வேண்டும். பிந்தையது சூடு என்றால் +1, குளிர்ச்சி என்றால் -1, சமம் என்றால் 0. முப்பது ஆண்டுகளுக்கு 435 சோடிகள். கூட்டுத்தொகை பூச்சியத்தை விட்டு வெகுதூரம் விலகினால் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. எத்தனை டிகிரி வித்தியாசம் என்பது இதில் கணக்கே இல்லை. எது பெரிது என்பதுதான் கணக்கு. ஆகவே ஒரே ஒரு முரட்டு ஆண்டு முடிவைப் புரட்டிவிடாது. வேகம் தெரிய வேண்டுமா? புள்ளியியலாளர் பி.கே. சென் 1968-இல் தந்த வழி இருக்கிறது: ஒவ்வொரு சோடியிலும் வெப்பநிலை வித்தியாசத்தை ஆண்டு இடைவெளியால் வகுங்கள், அதுதான் சாய்வு. 435 சாய்வுகளையும் வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் 218-ஆவதை எடுங்கள்.

எண்ணூர்க் கழிமுகம்:
டீச்சர், ஆண்டுகள் ஒன்றையொன்று சாராதவை என்றல்லவா அந்தச் சோதனை நினைத்துக்கொள்கிறது? கடலில் தேங்கிய சூடு டிசம்பர் 31-ஆம் தேதி விடைபெற்றுப் போய்விடுமா? அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு இடையிலான ஒட்டுறவு 0.3 என்றாலே முப்பது ஆண்டுகளின் கனம் ஏறத்தாழ 16 ஆண்டுகளாகச் சுருங்கிவிடும். திருத்தாமல் விட்டால் இல்லாத போக்கும் இருப்பதாகத் தெரியும்.

தண்டையார்பேட்டை டீச்சர்:
திருத்தும் முறைகள் உண்டு, அது பெரிய தலைவலி இல்லை. என் கவலை வேறு. கருவியை இடம் மாற்றினாலோ பக்கத்தில் கட்டடம் எழுந்தாலோ தொடரில் திடீரென்று ஒரு படி விழும். மான்-கெண்டாலுக்குப் படிக்கட்டுக்கும் சரிவுப் பாதைக்கும் வேறுபாடு தெரியாது. எனவே முதலில் நுங்கம்பாக்கத்து அளவிலிருந்து மீனம்பாக்கம் நிலையத்தின் அளவைக் கழித்து வரைந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக ஏறினால் கழித்த தொடர் தட்டையாக ஓடும். நடுவே குதித்தால் இரண்டில் ஒரு நிலையத்தில் ஏதோ நடந்திருக்கிறது. குதித்த ஆண்டைக் கண்டுபிடிக்க பெட்டிட் சோதனை இருக்கிறது.

வியாசை வாசகன்:
இத்தனை சல்லடை போட்டால் எந்தச் சூடும் மிஞ்சாது. எங்கள் தெருவில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இரவு பதினொரு மணிக்குச் சுவரில் கை வைக்க முடியவில்லை. அதற்கு எந்தச் சோதனை?

எண்ணூர்க் கழிமுகம்:
கூரைச் சூடு உண்மை. அதைக் காலநிலைப் போக்கு என்று சொல்லத்தான் தடை. இரவைப் பற்றிப் பேசுகிறவர் ஏன் சராசரியை எடுத்தீர்கள்? பகல் உச்சத்தைக் கடல்காற்று ஆட்டிவைக்கிறது. மேற்குக் காற்று வலுத்து அது பிந்தினால் அன்று வெயில் எகிறிவிடும். குறைந்தபட்ச வெப்பநிலையைத் தனியாக, மாதவாரியாகச் சோதியுங்கள்.

வியாசை வாசகன்:
சோதிக்கிறேன். ஆனால் இரண்டு நிலையங்களும் எங்களுக்குத் தெற்கேதானே இருக்கின்றன? அந்த ஓட்டையை எந்தச் சூத்திரம் அடைக்கும்?

தண்டையார்பேட்டை டீச்சர்:
உங்கள் தெருவில் எத்தனை டிகிரி என்று அவை சொல்லாது. ஆனால் ஒரு நிலையத்தில் வழக்கத்தைவிடச் சூடான ஆண்டு, பக்கத்து நிலையத்திலும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். போக்கைத் தேட அது போதும். கூரைக்கு வேறு வெப்பமானி வாங்குங்கள்.