புது மாஸ்க்குல ஆவி படியுது, பேஸ்ட் போட்டும் நிக்கல – என்ன செய்யலாம்?

சிப்புட் டீச்சர் (கேள்வி):
வணக்கம். வர்ற விடுமுறையில சுங்கை சிப்புட்லேர்ந்து 12 பிள்ளைங்களைப் பெர்ஹெந்தியான் தீவுக்குக் கூட்டிட்டுப் போறோம். கிரிக், ஜெலி வழியா கோலா பெசுட் போய், அங்கேர்ந்து படகு. தண்ணிக்குள்ள பார்க்க முகத்துல மாட்டுற புது ஸ்நோர்கல் மாஸ்க் 12 வாங்கியாச்சு. அதுல 8 கண்ணாடி, 4 பிளாஸ்டிக். பல் தேய்க்கிற வெள்ளை பேஸ்ட் ஒரு தடவை தேய்ச்சுக் கழுவிட்டு, பெரிய வாளித் தண்ணியில முகத்தை முக்கிப் பார்த்தா ரெண்டே நிமிஷத்துல மங்கிடுது.

இன்னொண்ணு, ஈப்போ நீச்சல் வகுப்புக்குப் பிள்ளைங்க போடுற சின்ன காகல்ஸ். முதல் மாசம் பளிச்சுன்னு இருந்துச்சு. இப்போ குளத்துல ஒரு நடை நீந்திட்டு நின்னாலே ஆவி கட்டுது. அதுக்கும் பேஸ்ட் போட்டதுல ரெண்டு காகல்ஸ் கீறல் விழுந்துடுச்சு. லைட்டர் நெருப்பு காட்டுங்கன்னு சிலர் சொல்றாங்க, பயமா இருக்கு. கடை ஸ்பிரே குட்டி பாட்டில், 12 பேருக்குக் கட்டுப்படியாகாது. வழி சொல்லுங்க.

பவளப்பாறை:
டீச்சர், காகல்ஸும் மாஸ்க்கும் பார்க்க ஒரே மாதிரி, வைத்தியம் வேற வேற. நான் மாஸ்க்கை மட்டும் சொல்றேன்.

முகத்துச் சூட்டுல உள்ள இருக்கிற காத்து ஈரமா இருக்கும். வெளிய கடல் தண்ணி அதைவிடக் குளிர்ச்சி. அதனால கண்ணாடியில ஈரம் படியத்தான் செய்யும், அதைத் தடுக்க முடியாது. படியுற ஈரம் குட்டிக் குட்டி முத்தா நின்னா வெளிச்சம் சிதறி வெள்ளையாத் தெரியும். அதே ஈரம் மெல்லிசா பரவி நின்னா ஒண்ணுமே தெரியாது. நாம செய்யுற எல்லாமே முத்தைப் பரவ வைக்கத்தான்.

புது மாஸ்க்குல தொழிற்சாலையிலேர்ந்தே கண்ணுக்குத் தெரியாத சிலிகான் படலம் ஒட்டியிருக்கும். அது இருக்கிற வரைக்கும் ஷாம்பு, ஸ்பிரே எதுவுமே நிக்காது. ஒரு தடவை தேய்ச்சா அது போகாது, உங்களுக்கு நடந்தது அதுதான். முதல்ல அட்டையைப் படிச்சுப் பாருங்க. உள்பக்கம் ஏற்கனவே ஆவி தடுக்கிற பூச்சு இருக்குன்னு போட்டிருந்தா பேஸ்ட்டைத் தொடவே வேணாம். இல்லைன்னா இப்படிச் செய்யுங்க:

சாதா வெள்ளை பேஸ்ட் எடுங்க, ஜெல் வகை வேணாம். கச்சான் கொட்டை அளவு ஒரு கண்ணாடிக்கு. கண்ணாடியும் விரலும் காய்ஞ்சிருக்கணும், தண்ணி பட்டா பேஸ்ட் வழுக்கும், அரைக்காது. உள்பக்கத்தை விரல் நுனியால வட்டமா 3 நிமிஷம் அழுத்தித் தேய்ங்க. கண்ணாடியும் சிலிகான் விளிம்பும் சேர்ற ஓரத்தை எல்லாரும் விட்டுடுவாங்க, ஆவி முதல்ல அங்கேர்ந்துதான் ஏறும். கழுவி, பாத்திரம் கழுவுற சோப்பு ஒரு சொட்டு விட்டு அலசி, துடைச்சுக் காய விட்டு, மறுபடியும் முதல்லேர்ந்து. 3, 4 சுத்து ஆகும்.

போயிடுச்சான்னு எப்படித் தெரியும்? சோப்பு இல்லாம நல்லா அலசின கண்ணாடியில தண்ணியை ஊத்தி, சாய்ச்சுப் பாருங்க. கெலாடி (சேம்பு) இலை மேல உருள்ற மாதிரி தண்ணி உருண்டு ஓடினா படலம் இன்னும் இருக்கு. ஒரே விரிப்பா பரவி, மெதுவா வழிஞ்சா சுத்தம். ஒரு பக்கம் பரவி ஒரு பக்கம் உருண்டா, உருள்ற இடத்தை மட்டும் திரும்பத் தேய்ங்க.

லைட்டர் வேணாம் டீச்சர். டெம்பர்ட்னு (சூடாக்கி உறுதியாக்கினது) எழுத்துப் பொறிச்ச கண்ணாடிக்கு மட்டுமே ஆகிற வேலை அது. நெருப்பு படலத்தை எரிச்சுக் கரியாக்கும், கரியைத் துடைச்சு எடுக்கணும். ஆனா ரெண்டு வினாடி கூடப் போனா விளிம்பு கருகும், சட்டம் வளையும், சூட்டோட தண்ணியில முக்கினா கண்ணாடி விரியலாம். விளிம்பு கெட்டா தண்ணி உள்ள வரும், பிள்ளைக்கு அது ஆவியைவிட மோசம்.

அந்த 4 பிளாஸ்டிக் மாஸ்க்குக்கு பேஸ்ட்டும் இல்லை, நெருப்பும் இல்லை. பாத்திர சோப்புத் தண்ணியில மெத்துன்னு கழுவி, கீழ சொல்ற பேபி ஷாம்பு வழிக்குப் போயிடுங்க.

நீர்க்கோழி:
காகல்ஸ் பத்தி. அதோட கண்ணாடி பெரும்பாலும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். உள்பக்கம் ஈரத்தை இழுத்துப் பரப்புற மெல்லிய பூச்சு இருக்கும். பேஸ்ட் அந்தப் பூச்சைச் சுரண்டி, பிளாஸ்டிக்கையும் கீறிடும். கீறல் விழுந்ததை மாத்தத்தான் வேணும்.

மத்ததுல பூச்சு போறதுக்கு முக்கியக் காரணம் விரல். மங்கினதும் பிள்ளைங்க உள்ள விரலை விட்டு வழிச்சு எடுப்பாங்க, ஒவ்வொரு வழிப்புலயும் பூச்சு கொஞ்சம் போகும். துணி, டிஷ்யூ எதுவும் உள்ள படக்கூடாது. ஜன்னல் துடைக்கிற ஸ்பிரே அறவே கூடாது. பலதுல இருக்கிற அமோனியா பிளாஸ்டிக்கையே கெடுக்கும். நீந்தி முடிச்சதும் பச்சைத் தண்ணியில அலசி, உதறி, நிழல்ல தொங்க விடுங்க. ஈரத்தோட பைக்குள்ள திணிக்காதீங்க, வெயில்ல நிக்கிற காருக்குள்ள விடாதீங்க.

குளத்தோரம் நிக்கும்போது மங்குறது ஏன்னா, நீந்தும்போது ஓடுற தண்ணி முகத்துச் சூட்டை எடுத்துட்டுப் போகும். நின்னா முகம் சூடாகும். அதனால குளத்துல இறங்கும் முன்ன முகத்தை நல்லா நனைச்சுட்டு மாட்டணும். ஓய்வெடுக்கும்போது நெத்தி மேல தூக்கி வைக்காம கழுத்துல இறக்கி விடுங்க, நெத்தி வேர்வையே பாதி ஆவி. பூச்சு முழுசா போயிடுச்சுன்னா பேபி ஷாம்பு ஒரு சொட்டு, தேய்க்காம உள்ள சுத்தி ஓட விட்டு, ஒரே முக்கு முக்கி மாட்டுங்க.

தோட்டத்துக்காரன்:
ஷாம்பு எதுக்கு, பாத்திர சோப்பே போதுமே? அதுவும் பரவ வைக்குமே.

பவளப்பாறை:
பரவ வைக்கும் அண்ணே, ஆனா கண்ணுல பட்டா எரிச்சல் தாங்காது. நடுக் கடல்ல பிள்ளை கண்ணை மூடிக்கிட்டு மாஸ்க்கைக் கழட்டப் பார்த்தா ஆபத்து. பாத்திர சோப்பு வீட்டுல கழுவ மட்டும். கண்ணு எரியாத மாதிரி செஞ்சது பேபி ஷாம்பு, தீவுக்கு அதுதான்.

டீச்சர், 10 மில்லி பேபி ஷாம்பு, 100 மில்லி தண்ணி, ஒரு சின்ன ஸ்பிரே பாட்டில். 12 மாஸ்க்குக்கு ஒரு நாள் தாராளமா வரும். இறங்கும் முன்ன காய்ஞ்ச கண்ணாடியில ரெண்டு அடி அடிச்சு, விரலால ஓரம் வரைக்கும் பூசி, ஒரு வாளித் தண்ணியில ஒரே முக்கு, உடனே முகத்துல. இங்கதான் பலர் கெடுக்கிறாங்க, நுரை போகுற வரைக்கும் அலசினா போட்டதெல்லாம் வாளிக்குள்ள போயிடும். முக்கின வாளித் தண்ணியைக் கடல்ல கொட்டாதீங்க, அது கடல் பூங்கா. கரைக்குக் கொண்டாந்து ஊத்துங்க.

ஷாம்பு இல்லாத நேரத்துல எச்சிலும் வேலை செய்யும், காய்ஞ்ச கண்ணாடியிலதான் தடவணும். அவங்கவங்க மாஸ்க்குக்கு அவங்கவங்க எச்சில்.

அன்னிக்குக் காலையில தலைக்குத் தேங்காய் எண்ணெய் வேணாம்னு வீட்டுல சொல்லிடுங்க. எண்ணெய் நெத்தி வழியா இறங்கி, விளிம்புல ஏறி, கண்ணாடியில படலமா நிக்கும், அப்புறம் எந்தத் தண்ணியும் பரவாது. சன்ஸ்கிரீனும் இறங்குறதுக்கு 20 நிமிஷம் முன்னமே பூசி, விளிம்பு உக்கார்ற இடத்தை விட்டுடணும். நெத்தி முடியை விளிம்புக்கு வெளிய ஒதுக்கி விடுங்க.

மூச்சு வாயால மட்டும். மூக்கால விட்டா சூடான ஈரக் காத்து நேரா கண்ணாடிக்குப் போகும், எந்த மருந்தும் தாங்காது. நடுவுல மங்கினா கழட்ட வேணாம். விளிம்பைக் கொஞ்சம் தளர்த்தி ஒரு வாய் தண்ணி உள்ள விட்டு, குனிஞ்சு அலசி, அப்புறம் நிமிர்ந்து மேல் சட்டத்தை நெத்தியோட அழுத்திக்கிட்டு மூக்கால ஊதினா தண்ணி கீழ வெளியேறும். மூக்கால ஊதுறது அந்த ஒரு நேரத்துக்கு மட்டும். இதை இப்பவே குளத்துல பழக்கிடுங்க.

சிப்புட் டீச்சர்:
ரொம்ப நன்றி. அட்டையில பூச்சுன்னு ஒண்ணும் போடல, மூணு சுத்து தேய்ச்சாச்சு. 8 கண்ணாடி மாஸ்க்குல 6-ல தண்ணி இப்போ விரிப்பா பரவுது. ரெண்டுல மூக்குக்கு மேல அந்த ஓரத்துல மட்டும் உருளுது, விரல் போகல. பஞ்சுக் குச்சியில பேஸ்ட் தொட்டுத் தேய்ச்சுப் பார்க்கலாமா?

பவளப்பாறை:
தாராளமா. பஞ்சு காய்ஞ்சிருக்கட்டும். தேய்ச்ச பிறகு அந்த ஓரத்துலேர்ந்து பேஸ்ட் துளியும் மிச்சமில்லாம அலசிடுங்க, மிச்சம் கண்ணுல இறங்கினா எரியும்.