தம்பிக்கு அண்டார்டிக்கா போக ஆசை. புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்த உடம்பு தாங்குமா?

வெள்ளவத்தை_அக்கா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுமையாக வாசியுங்கள். என் தம்பிக்கு 23 வயது. ஹொட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வந்து, மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் ஏபிவிடி என்ற நான்கு மருந்துகளின் கூட்டை ஏற்றி, கடைசி ஸ்கான் சுத்தமாக வந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. இப்போது வேலைக்குப் போகிறான், முடியெல்லாம் முன்பைவிட அடர்த்தியாக வளர்ந்திருக்கிறது. மருந்து ஏறிக்கொண்டிருந்த நேரமெல்லாம் போனில் பென்குயின்களையும் பனிமலைகளையும்தான் பார்த்துக்கொண்டிருப்பான். வாந்தி எடுத்துவிட்டு வந்து படுத்தும் திரும்ப அதையேதான் போடுவான். சுகமானால் அண்டார்டிக்கா போவேன் என்று அப்போதே சொல்லிவிட்டான். இப்போது மாதாமாதம் சம்பளத்தில் ஒரு பங்கை அதற்கென்றே ஒதுக்குகிறான்.

வீட்டில் ஒரே வாக்குவாதம். அம்மா, கதிர்காமத்துக்குப் போய் நேர்த்தியை முடித்துவிட்டு வா, அது காணும் என்கிறார். மாமாவுக்கு அந்தக் காசில் காணித் துண்டு வாங்கவில்லையே என்ற கவலை. பெரியம்மா, அந்தக் குளிரில் வருத்தம் திரும்பி வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டதிலிருந்து அம்மா நித்திரை கொள்வதே இல்லை. நான் அவன் பக்கம்தான். ஆனால் நடுக்கடலில் ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம் எனக்கும் இருக்கிறது. அவன் உடம்புக்கு இது சரிவருமா? கொழும்பிலிருந்து இப்படிப் போவது நடக்கிற காரியமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வார்ட்_நர்ஸ் எழுதியது:

அக்கா, முதலில் பெரியம்மாவுக்குச் சொல்லுங்கள், குளிரால் புற்றுநோய் திரும்பி வராது. ஹொட்ஜ்கின் திரும்புவதென்றால் பெரும்பாலும் சிகிச்சை முடிந்த முதல் இரண்டு மூன்று வருடத்துக்குள்தான் திரும்பும், அது வீட்டில் இருந்தாலும் அப்படித்தான். அதனால் பயணத்தைக் கிளினிக் தவறாத மாதிரி, ஒரு கிளினிக் முடிந்த கையோடு போட்டுக்கொள்ளுங்கள்.

உண்மையில் பார்க்க வேண்டியது அவனுக்கு ஏற்றிய மருந்துகளை. ஏபிவிடியில் 'ஏ' அட்ரியாமைசின், அதாவது டொக்சோரூபிசின், அது இதயத் தசையைப் பலவீனமாக்கக்கூடியது, எக்கோ என்ற இதய ஸ்கான் எடுத்துப் பார்க்கலாம். 'பி' பிளியோமைசின், அது நுரையீரலைப் பாதிக்கக்கூடியது. மாடி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா, வறட்டு இருமல் இருக்கிறதா என்று கேளுங்கள், நுரையீரல் செயற்பாட்டுப் பரிசோதனை ஒன்றையும் செய்யச் சொல்லுங்கள். நெஞ்சுக்குக் கதிர்ச் சிகிச்சையும் கொடுத்திருந்தால் இந்த இரண்டும் இன்னும் முக்கியம்.

இன்னொன்றை எல்லாரும் மறந்துவிடுவார்கள். பிளியோமைசின் ஏற்றியவர்களுக்கு அதிக அளவில் ஒட்சிசன் கொடுப்பதில் டொக்டர்மார் கவனமாக இருப்பார்கள், ஏனென்றால் அது நுரையீரலை மேலும் கெடுக்கலாம். கப்பலில் இருக்கிற டொக்டருக்கு இவன் பழைய கதை தெரியாது. மூச்சுத் திணறல் என்று போனால் உடனே மாஸ்க்கை மாட்டிவிடுவார். என்ன மருந்து, மொத்தம் எவ்வளவு, கடைசியாக எப்போது என்பதை ஆங்கிலத்தில் ஒரே பக்கக் கடிதமாகக் கன்சல்டன்ட் டொக்டரிடம் வாங்கி, பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தெஹிவளை_ரவி எழுதியது:

நானும் அதே மருந்து எடுத்தவன்தான், முடித்துப் பல வருடங்கள் ஆகிறது. நர்ஸ் சொன்னதோடு விரல்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளியோமைசின், ஏபிவிடியில் 'வி'யான வின்பிளாஸ்டின் எடுத்த சிலருக்குக் குளிர் பட்டால் விரல் இரத்தக் குழாய்கள் சட்டென்று சுருங்கிவிடும். எனக்கு பிரீஸரில் இருந்து மீன் பொதியை எடுத்தாலே இரண்டு விரல் நுனி சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும், பிறகு நீலமாகி, சூடு வரும்போது சிவந்து ஊசி குத்துவதுபோல வலிக்கும். தம்பியிடம் கேட்டுப் பாருங்கள், இதெல்லாம் ஒரு விஷயமா என்று அவன் சொல்லாமலே இருந்திருப்பான். இருந்தால் போகக்கூடாது என்றில்லை, தயாராகப் போக வேண்டும், அவ்வளவுதான். விரல் பிரிந்த கையுறையைவிட நான்கு விரலும் ஒன்றாக இருக்கிற கையுறைதான் சூட்டைக் காக்கும், உள்ளே மெல்லியது ஒன்று, மேலே தடித்தது ஒன்று. கை காய்ந்திருக்க வேண்டும். நுவரெலியாவில் ஜனவரி விடியற்காலையில் அதே உடுப்போடு ஒரு மணித்தியாலம் வெளியே நின்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

உங்கள் அம்மாவுக்கும் ஒரு வார்த்தை. வருத்தம் முடிந்தபிறகு எல்லாரும் என்னைக் கண்ணாடிப் பாத்திரமாகப் பார்த்தது மருந்தைவிடக் கஷ்டமாக இருந்தது. அவன் ஆசையை வீட்டில் யாராவது ஒருவர் முழுமனதாகக் கேட்டால் போதும்.

துருவக்காதலன் எழுதியது:

வட துருவப் பக்கம் யோசித்தீர்களா? என் பெரியப்பா 80களின் கடைசியில் நோர்வேயின் வடக்கு மூலையில், ஃபின்மார்க்கில், மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். நம் ஆட்கள் நிறையப் பேர் அங்கே குளிரில் மீன் வெட்டித்தான் குடும்பத்தைப் பார்த்தார்கள், ஆகவே தமிழன் உடம்புக்கு இது ஆகாது என்று யாரும் சொல்ல வேண்டாம். ஃபின்மார்க்குக்கும் வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகள், லாங்கியர்பியன் ஊர் 78 பாகை வடக்கில். ஒஸ்லோவிலிருந்தும் வட நோர்வேயின் துரொம்சோ நகரத்திலிருந்தும் விமானம் போகிறது. சிறிய ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது, பெரிய பிரச்சினை என்றால் துரொம்சோவுக்கு விமானத்தில் கொண்டுபோவார்கள். ஜூலையில் வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலேதான், சூரியன் மறைவதே இல்லை. பனியாறு, வால்ரஸ், அதிர்ஷ்டம் இருந்தால் தூரத்தில் பனிக்கரடி. கரடி இருப்பதால் ஊருக்கு வெளியே வழிகாட்டி இல்லாமல் போகவே கூடாது.

ஒரு சிக்கல், ஸ்வால்பார்ட்டுக்கு விசா தேவையில்லை, ஆனால் நோர்வே வழியாகத்தான் போக வேண்டும். ஸ்வால்பார்ட், ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் வட்டத்தில் சேராது, ஆகவே திரும்பி வரும்போது மறுபடி நுழைகிறீர்கள். இரண்டு முறை நுழையும் ஷெங்கன் விசாவாகக் கேட்டு வாங்க வேண்டும். கொழும்பில் இருந்த நோர்வே தூதரகம் 2023இல் மூடப்பட்டுவிட்டது, அதனால் விண்ணப்பத்தை நேரத்தோடு போடுங்கள்.

கொட்டாஞ்சேனை_கப்பல்காரன் எழுதியது:

தம்பி கேட்டது அண்டார்டிக்கா. ஸ்வால்பார்ட் அருமையான இடம்தான், ஆனால் அங்கே ஒரு பென்குயினும் இல்லை. அந்தப் பிள்ளை வார்ட்டில் படுத்துக்கொண்டு பார்த்தது பென்குயினை.

நான் பயணிகள் கப்பலில் வேலை செய்து, தென்னமெரிக்காவுக்கும் அண்டார்டிக்காவுக்கும் இடையே இருக்கிற டிரேக் நீரிணையைக் கடந்திருக்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன். ஆர்ஜென்டினாவின் தெற்கு முனையில் உசுவாயா என்ற ஊரிலிருந்து கப்பல் கிளம்பும். சீசன் நவம்பரிலிருந்து மார்ச் வரை. கடக்க ஏறத்தாழ இரண்டு நாள், கடல் மோசமென்றால் சாப்பாட்டு மேசைத் துணியைத் தண்ணீரில் நனைத்து விரிப்போம், தட்டு வழுக்காமல் இருக்க. கீமோ வாந்தியை அனுபவித்தவனுக்கு இந்தக் குமட்டல் பழைய நினைவுகளைக் கிளப்பலாம், அதற்கு மனதைத் தயார் செய்யுங்கள், மாத்திரையைக் கப்பல் ஆடத் தொடங்கும் முன்பே போட வேண்டும். கடலே வேண்டாம் என்றால் சிலியின் புந்தா அரீனாஸிலிருந்து அண்டார்டிக்காப் பக்கத்து கிங் ஜோர்ஜ் தீவுக்கு இரண்டு மணித்தியாலம் அளவில் பறந்து அங்கே கப்பல் ஏறுகிற பயணமும் உண்டு, விலை கூட. சாதாரணக் கப்பல் பயணமே ஐயாயிரம் ஆறாயிரம் டொலருக்குக் குறைந்து கிடைப்பது அரிது, விமான டிக்கட் வேறு.

500 பேருக்கு மேல் ஏற்றும் கப்பல்கள் ஆட்களைக் கரையில் இறக்குவதில்லை. ஒரு இடத்தில் ஒரே நேரம் 100 பேர்தான் இறங்கலாம், எனவே சின்னக் கப்பலாகப் பாருங்கள், அதிக நேரம் கரையில் நிற்கலாம். கோடையில் அந்தக் கரைப் பக்கம் பூச்சியத்தைச் சுற்றித்தான் இருக்கும், காற்றுத்தான் எதிரி. பனித்தண்ணீரில் குதிக்கிற விளையாட்டு ஒன்று வைப்பார்கள், தம்பி அதைத் தொடவே வேண்டாம், இதயத்துக்குத் திடீர் அதிர்ச்சி.

கப்பலில் டொக்டர் இருப்பார், ஆனால் ஆஸ்பத்திரி இல்லை. அவசரம் என்றால் கரைக்குக் கொண்டுவர வானிலை இடம் கொடுக்க வேண்டும், நாள்கணக்கில் காக்க நேரலாம். அதனால் காப்புறுதிதான் எல்லாவற்றையும்விட முக்கியம். நோயை மறைத்து எடுத்தால் ஒரு சதமும் வராது. பழைய நோயையும் துருவத்திலிருந்து மீட்டுக் கொண்டுவரும் செலவையும் சேர்த்து, எழுத்தில் உறுதி வாங்குங்கள்.

வெள்ளவத்தை_அக்கா எழுதியது:

எல்லாருக்கும் மனதார நன்றி. ரவி அண்ணா சொன்னதைக் கேட்டு நேற்றிரவு தம்பியின் கையைப் பார்த்தேன். ஐஸ் போட்ட கிளாஸைப் பிடித்திருந்தவனின் மோதிர விரல் நுனி வெளுத்துத்தான் இருந்தது. மருந்து முடிந்ததிலிருந்தே இப்படியாம், யாரிடமும் சொல்லவில்லையாம். அடுத்த கிளினிக்கில் எக்கோ, நுரையீரல், கை மூன்றையும் கேட்கப்போகிறோம், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன், டொக்டர் வாயால் கேட்டால் அவருக்கும் நெஞ்சு ஆறும். கதிர்காமத்துக்கும் போவோம், அதில் எனக்கு மறுப்பில்லை. ஸ்வால்பார்ட் பற்றி அவனிடம் சொன்னேன், தலையாட்டிவிட்டு மறுபடி உசுவாயா வரைபடத்தைத்தான் திறந்தான்.

கப்பல்கார அண்ணா, மருத்துவப் படிவம் என்று ஏதாவது கேட்பார்களா? காசு கட்ட முன்பே அதை வாங்க முடியுமா?

கொட்டாஞ்சேனை_கப்பல்காரன் எழுதியது:

கேட்பார்கள், அனேகமாக எல்லாக் கம்பனியும். மின்னஞ்சல் போட்டால் முற்பணத்துக்கு முன்பே அனுப்புவார்கள் தங்கச்சி. அதை அந்தக் கிளினிக்குக்கே கையோடு கொண்டுபோய் டொக்டரிடம் நிரப்பி வாங்குங்கள். எந்த நிலையில் காசு திருப்பித் தருவார்கள் என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.