'பயிற்சி உளவியலாளர்' சரியா? ஒரு சொல் வேண்டும்

தேன்மொழி:

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

உளவியலாளர்களுக்கான நெறிமுறைக் கையேட்டையும், அவர்களிடம் வருவோர் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தையும் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். 'பிராக்டிசிங் சைக்காலஜிஸ்ட்', அதாவது இதையே தொழிலாகச் செய்துவரும் உளவியலாளர், என்ற ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டேன். பழைய பதிப்பில் 'பயிற்சி உளவியலாளர்' என்று இருக்கிறது. அதைப் படிப்பவர் 'இவர் இன்னும் கற்றுக்கொண்டிருப்பவர்' என்றுதானே நினைப்பார்?

இதைச் சின்னப் பிழை என்று விட முடியவில்லை. சிகிச்சை தருபவர் மேற்பார்வையின் கீழ் கற்பவராக இருந்தால் அதையும், மேற்பார்வையிடுபவரின் பெயரையும் வருபவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறை கேட்கிறது. விதி பிரித்து வைத்த இருவரை நம் சொல் ஒருவராக்கிவிடுகிறது. 'தொழில்புரி உளவியலாளர்' என்று போடலாமா?

இளங்கோவன்:

தேன்மொழி, பொருள் சரி. ஆனால் 'தொழில்புரி' வினைத்தொகை. 'காலம் கரந்த பெயரெச்சம்' என்பது நன்னூல். புரிந்த, புரிகின்ற, புரியும் மூவரும் அதற்குள் அடக்கம். பாட்டில் அது அழகு, பதிவேட்டில் ஆபத்து. ஆஸ்திரேலியாவில் உளவியலாளர் தம் பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், பிரிட்டனில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. போன வருடம் பதிவு காலாவதியான ஒருவரும் 'தொழில்புரி'தான் என்று வாதிட இலக்கணமே இடம் கொடுக்கலாமா?

இன்னொன்று. ஆஸ்திரேலியாவில் பதிவை வைத்துக்கொண்டே தொழில் செய்யாதிருப்போருக்கென்று தனி வகை உண்டு. அவரை என்ன சொல்வீர்கள்? 'தொழில்புரியா' என்றால் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அதிலும் காலம் இல்லை.

கதிரேசன்:

'பயிற்சி'யை ஏன் இவ்வளவு அவசரமாக விரட்டுகிறீர்கள்? 'பயில்' என்பதற்குக் கற்றல் மட்டுமா பொருள்? 'பயில்தொறும் பண்புடையாளர் தொடர்பு' என்கிறார் வள்ளுவர். அங்கே பயில்தல் என்றால் பழகுதல், நெருங்கியிருத்தல். ஓர் உளவியலாளர் செய்வதும் அதுதானே? ஒரு மனிதரோடு வாரக்கணக்கில் இருந்து, அவர் சொல்வதைக் கேட்டு, பண்போடு பழகுவது. 'தொழில்' என்று சொன்னவுடன் காசும் கல்லாவும்தான் நினைவுக்கு வருகின்றன. 'பயில் உளவியலாளர்' என்பதே என் பரிந்துரை. தொடர்ந்து பயின்றவன்தான் பயில்வான். அந்தச் சொல்லில் தேர்ச்சியும் இருக்கிறதே!

இளங்கோவன்:

ஐயா, 'பயில்வான்' பாரசீகத்து 'பஹல்வான்'. நம் 'பயில்' அதற்கு வேர் ஆகாது. குறள் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவர் பரிமேலழகர் உரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க மாட்டார்.

ஃபாத்திமா:

நான் இந்தத் துறையில் இருப்பவள். நீங்கள் அடைமொழியில் நிற்கிறீர்கள், வருகிறவர்கள் 'உளவியலாளர்' என்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். 'உளவு பார்ப்பவரா?' என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். உளம் + இயல், மகரம் கெட்டு வகர உடம்படுமெய் வந்தது என்று அழுகையோடு வந்து உட்காருபவரிடம் விளக்கவா முடியும்? இன்னும் பலர் மாத்திரை எழுதித் தருவேன் என்று நினைத்து வருகிறார்கள். 'மனநல ஆலோசகர்' என்றால் யாருக்கும் புரியும்.

கதிரேசன்:

'மனம்' வடசொல் 'மனஸ்' என்று ஒரு கட்சி, 'முன்னு' என்பதிலிருந்து வந்த தமிழ் என்று ஒரு கட்சி. அந்த வழக்கு தீராமல் அதை எப்படிக் கலைச்சொல்லில் சேர்ப்பது? 'உளம்' இருக்கும்போது நமக்கு என்ன குறை?

தேன்மொழி:

ஐயா, மனம் யாருடையது என்பதை இன்னொரு இழையில் பேசுவோம்.

ஃபாத்திமா அக்கா, புரிதல் முக்கியம் என்பதில் நான் உங்கள் பக்கம். ஆனால் 'ஆலோசகர்' எனக்குப் பயமாக இருக்கிறது. பிரிட்டனில் 2009 முதல் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' உட்பட ஒன்பது பட்டப்பெயர்களுக்குச் சட்டக் காப்பு உண்டு. பதிவு இல்லாதவர் அவற்றைப் போட்டுக்கொண்டால் குற்றம். வெறும் 'சைக்காலஜிஸ்ட்' அந்த ஒன்பதில் இல்லை. ஆஸ்திரேலியாவிலோ அந்த ஒற்றைச் சொல்லுக்கே காப்பு இருக்கிறது. காப்பு நிற்பதே சொல்லின் மேல்தான். தமிழில் ஒரே ஆளுக்கு உளவியலாளர், உளவியல் நிபுணர், மனநல ஆலோசகர் என்று மூன்று பெயர் புழங்கினால், பதிவே இல்லாத ஒருவர் அவற்றில் ஒன்றை எடுத்துப் பலகையில் எழுதிக்கொள்ளலாம். படிவத்தில் இருப்பதும் பலகையில் இருப்பதும் ஒன்றுதானா என்று வருகிறவருக்கு எப்படித் தெரியும்?

ஃபாத்திமா:

இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை. சரி, 'உளவியலாளர்' இருக்கட்டும். 'மருந்து எழுதித் தருபவர் அல்லர்' என்று ஒரு வரி விளக்கம் கட்டாயம் சேருங்கள். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். கற்பவருக்கு 'பயிலுநர்' என்றே போட்டுவிடலாம்.

இளங்கோவன்:

'தொழில்புரியும்' என்று விரித்தால் எனக்குப் பாதி நிம்மதி. அதுவும் நிகழ்காலத்தை உறுதியாகக் காட்டாது, வழக்கத்தைத்தான் காட்டும். பக்கத்திலேயே 'நடப்புப் பதிவு எண், செல்லுபடியாகும் நாள்' என்று இரண்டு கட்டம் வையுங்கள். சொல்லால் காட்ட முடியாத காலத்தை அந்தக் கட்டம் காட்டட்டும்.

தேன்மொழி:

எல்லோருக்கும் நன்றி. 'தொழில்புரியும் உளவியலாளர்', 'பயிலுநர் உளவியலாளர்' என்று இப்போதைக்கு எழுதுகிறேன், இரண்டு கட்டங்களோடும் அக்கா சொன்ன வரியோடும். தொழில் செய்யாத பதிவாளருக்கு இன்னும் சொல் அமையவில்லை. 'பதிவாளர்' என்றாலே பதிவுத்துறை அதிகாரி ஆகிவிடுகிறார். கையேட்டின் ஐந்தாம் அத்தியாயத்தில்தான் அவர் வருகிறார், அதற்குள் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

கதிரேசன்:

நான் இதற்கு உடன்படவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 'பயில்' என்ற சொல்லைக் கற்பவருக்கு மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். முப்பது வருடம் இந்த வேலை செய்தவரும் ஒவ்வொரு புது மனிதரிடமும் பயின்றுகொண்டுதான் இருக்கிறார். அடுத்த பதிப்பு வரும்போது மறுபடி எழுதுவேன்.