டெரட்டோமா: வெளிச்சம் குறைகிறது, கட்டி பெரிதாகிறது. எண்டோடெர்மும் கிடைக்கவில்லை

ரோசெட்_ராஜா:
எச்9 என்ற மனித ஸ்டெம் செல்கள் டெரட்டோமாவாக, அதாவது கருவின் மூன்று அடுக்குத் திசுக்களும் (எக்டோடெர்ம், மீசோடெர்ம், எண்டோடெர்ம்) கலந்த கட்டியாக வளர்கிறதா என்று பார்க்க, அவற்றை மாட்ரிஜெல் என்ற ஜெல்லில் கலந்து, நோய் எதிர்ப்பு இல்லாத என்எஸ்ஜி சுண்டெலிகளின் தொடைத் தசையில் போட்டிருந்தோம். செல்லில் லூசிஃபெரேஸ் என்ற ஒளிரவைக்கும் நொதி இருக்கிறது, வாராவாரம் அதற்குத் தேவையான லூசிஃபெரின் கொடுத்து ஐவிஸ் என்ற ஒளிப்படக் கருவியில் படம் எடுக்கிறோம். ஒரு எலியில் மட்டும் வெளிச்சம் பாதியில் இறங்க ஆரம்பித்தது, ஆனால் கட்டி காலிப்பரில் வளர்ந்துகொண்டே போனது. வெட்டிப் பார்த்தால் ஒரு பக்கம் முழுக்க நீர். நடுவில் எடுத்த எச் அண்ட் ஈ சாயம் போட்ட ஸ்லைடில் குருத்தெலும்பு (மீசோடெர்ம்), நியூரல் ரோசெட் (நரம்புத் திசு, எக்டோடெர்ம்) எல்லாம் அழகாக இருக்கிறது, குடல் மாதிரி எண்டோடெர்ம் ஒன்றுமே இல்லை. எண்டோடெர்ம் காட்டாமல் பேப்பர் பக்கமே போகாதே என்கிறார் கைடு. என்ன செய்யலாம்?

இருட்டறை:
லூசிஃபெரேஸ் ஒளிர ஏடிபியும் (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) ஆக்ஸிஜனும் வேண்டும், அதாவது உயிரோடு இருக்கிற செல்தான் தெரியும். காலிப்பர் நீரையும் செத்த திசுவையும் சேர்த்து அளக்கும். நீளம் × அகலம் × அகலம், அதில் பாதி என்று போடுகிற கணக்குக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. போதாக்குறைக்கு ஹீமோகுளோபின் வேறு ஒளியை விழுங்கும். இன்னொரு சந்தேகம், லூசிஃபெரேஸ் ஜீனை இயக்குகிற உங்கள் ப்ரமோட்டர் சிஎம்வியா? ஸ்டெம் செல்களில் அது அடங்கிப்போவது ரொம்ப சகஜம், இஎஃப்1 ஆல்ஃபா ப்ரமோட்டர் தேவலை. அதே பிளாக்கில் (மெழுகில் பதித்த திசு) லூசிஃபெரேஸ் ஆன்டிபாடி போட்டால், ஜீன் அடங்கிப்போனதா இல்லையா, எது காரணம் என்று தெரிந்துவிடும். அடுத்த தடவை வெட்டுவதற்கு முன் ஒரு டி2 எம்ஆர்ஐயோ அல்ட்ராசவுண்டோ எடுத்துவிடுங்கள், சிஸ்ட் (நீர்ப்பை) எங்கே என்று படத்திலேயே தெரியும்.

பிளாக்கும்_பிளேடும்:
அந்த நீர் இருந்த பக்கம்தான் நீங்கள் தேட வேண்டிய இடம். நீர் தேங்கியிருந்தால் சுவரில் எபிதீலியம் (உட்பக்கத்தை மூடும் செல் படலம்) இருக்க வாய்ப்பு அதிகம். வெட்டும்போது சிஸ்ட் உடைந்து, சுவர் கசங்கிய வெங்காயச் சருகு மாதிரி ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும், கிராஸிங் செய்கிறவர் (கட்டியைத் துண்டு போடுகிறவர்) அதைக் கழித்துவிடுவார்! நடுவில் ஒரு செக்‌ஷன் எடுத்துவிட்டு 'இல்லை' என்று சொல்லவே கூடாது. கட்டி முழுவதையும் துண்டு போட்டு எல்லாவற்றையும் பிளாக் ஆக்குங்கள், லெவல் லெவலாக வெட்டுங்கள். ஆல்சியன் ப்ளூ–பிஏஎஸ் சாயம் போட்டால் குடலில் சளி சுரக்கிற கோப்லெட் செல்கள் நீலமாகத் துருத்திக்கொண்டு நிற்கும். சிலியா உள்ள மூச்சுக்குழாய் வகை எபிதீலியம் கிடைத்தாலும் எண்டோடெர்ம்தான். சுவரில் வெறும் கெரட்டின் அடுக்காக இருந்தால் அது எக்டோடெர்ம், ஏமாந்துவிடாதீர்கள்.

தொடையில் போட்டதால் தசையையும் கொழுப்பையும் பார்த்து மீசோடெர்ம் என்று எழுதாதீர்கள், அது எலியுடையதாக இருக்கலாம். மனித செல்லின் நியூக்ளியஸை மட்டும் காட்டும் மனித நியூக்ளியர் ஆன்டிபாடி போடுங்கள். அவசரத்துக்கு ஹோக்ஸ்ட் சாயம் போதும், எலி நியூக்ளியஸில் பளிச்சென்று புள்ளி புள்ளியாகத் தெரியும், மனித நியூக்ளியஸ் சீராக இருக்கும்.

அப்புறம் ஆக்ட்4, அதாவது முதிராத ஸ்டெம் செல்லின் அடையாளப் புரதம். எல்லாம் முதிர்ந்த திசுவாக இருந்தால் கவலையில்லை. ஆக்ட்4 பாசிட்டிவ் செல்கள் திட்டுத்திட்டாக நின்றால் எம்பிரியானல் கார்சினோமாவா (முதிராத செல்களின் புற்றுநோய்) என்று ஒரு பேத்தாலஜிஸ்டிடம் காட்டுங்கள்.

சும்மா_கேட்டேன்:
1998-இல் தாம்சன் குழு முதல் மனித ஸ்டெம் செல் லைன்களுக்கு எலியில் டெரட்டோமா காட்டினார்கள், சரி. இன்னும் அதையே பிடித்துக்கொண்டு எலிகளைக் கொல்ல வேண்டுமா? எலி இல்லாமல் ஜீன் செயல்பாட்டை வைத்தே சோதிக்கிற ப்ளூரிடெஸ்ட் 2011-லேயே வந்துவிட்டதே.

பிளாக்கும்_பிளேடும்:
மூன்று அடுக்கும் வருமா என்பது மட்டும் கேள்வி என்றால் டிஷ்ஷில் வளர்க்கிற செல் உருண்டையான எம்பிராய்டு பாடியே போதும், நானும் அதைத்தான் சொல்வேன். செல்லை நோயாளிக்குப் போடப் போகிறீர்கள், அது கேன்சர் மாதிரி நடந்துகொள்ளுமா என்று பார்க்க வேண்டும் என்றால் எலி தேவை. 2018-இல் பல ஆய்வகங்கள் சேர்ந்து ஒப்பிட்டதிலும் கிட்டத்தட்ட இதே முடிவுதான்.

ரோசெட்_ராஜா:
மீதிக் கட்டி ஃபார்மலினில்தான் இருக்கிறது, ஓரத்துச் சவ்வோடு. ஒரு மூலை கல் மாதிரி கெட்டி. ஆசிட்டில் ஊறவைக்கலாமா?

பிளாக்கும்_பிளேடும்:
வேண்டாம், ஸ்ட்ராங் ஆசிட் ஸ்டெயினிங்கைக் கெடுத்துவிடும். கெட்டித் துண்டை மட்டும் தனியாக வெட்டி, கால்சியத்தை மெதுவாக எடுத்துவிடும் இடிடிஏவில் போடுங்கள், நாளாகும், பரவாயில்லை. சவ்வை இன்றே எடுத்து 70% ஆல்கஹாலுக்கு மாற்றிவிடுங்கள். பிளாக் செய்யும்போது படுக்கப் போடாமல் சுருட்டி நிறுத்துங்கள், அப்போதுதான் எபிதீலியம் குறுக்குவெட்டில் கிடைக்கும்.