வெதுவெதுப்பான தண்ணீரில் நடைப்பயிற்சி: உங்கள் வீட்டு அனுபவம் என்ன?

திருவையாறு மகள்:

அம்மாவுக்கு வலது முட்டியில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. எக்ஸ்ரேயில் எல்லாம் சரி. ஆனால் அம்மா நடக்க மாட்டேன் என்று விட்டாள். வலி ஒரு பக்கம், விழுந்துவிடுவோம் என்ற பயம் அதைவிடப் பெரிது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்திலிருந்து திண்ணைக்கு வருவதற்குள் கண் கலங்கிவிடும். மடக்காமலே வைத்திருந்தால் முட்டி அப்படியே இறுகிப்போகும் என்று பிசியோதெரபிஸ்ட் சத்தம் போட்டார். அப்புறம் அவரே திருச்சியில் வெந்நீர்த் தொட்டி வைத்துப் பயிற்சி கொடுக்கும் இடம் ஒன்றையும் சொன்னார்.

தையல் பிரித்து, பொருக்கு உதிர்ந்து, காயம் முழுக்க மூடிய பிறகுதான் அங்கே சேர்த்துக்கொண்டார்கள். வாரத்துக்கு இரண்டு நாள், கல்லணை வழியாகக் காரில் போய் வந்தோம். முதல் நாள் உடையில் தகராறு. "பாவாடையை ஏத்திக் கட்டிக்கிட்டு இறங்குறேனே, ஆத்துல அப்படித்தானே குளிச்சோம்" என்றாள் அம்மா. ஈரப் பாவாடை காலைச் சுற்றும் என்று சொல்லி முழுக்கால் நைலான் உடை ஒன்றைக் கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு வெளியே வந்தவள் என் முகத்தையே பார்க்கவில்லை.

தண்ணீர் 34 டிகிரி. சூடு என்று சொல்ல முடியாது, கை வைத்தால் இதமாக இருக்கும், அவ்வளவுதான். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி, மார்பளவு ஆழத்தில் நின்றாள். ஒரு நிமிஷம் கழித்துக் கைப்பிடியை விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தாள்! நான் பதறிப்போய், "அம்மா, பிடிச்சுக்கோ" என்று கத்தினேன். "கனமே இல்லடி, யாரோ தூக்கிக்கிட்ட மாதிரி இருக்கு" என்றாள்.

பயிற்சி கொடுத்தவர் கணக்கு சொன்னார். இடுப்பளவு தண்ணீரில் நின்றால் உடம்பின் எடையில் ஏறக்குறைய பாதிதான் காலில் இறங்குமாம். மார்பளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, கழுத்தளவில் பத்தில் ஒரு பங்கு. அம்மா 62 கிலோ. தரையில் அத்தனையும் தாங்க வேண்டிய கால்கள், அன்று இருபது கிலோவுக்கும் குறைவாகத்தான் தாங்கின. வாரம் போகப் போக ஆழத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். மார்பளவு, இடுப்பளவு, அப்புறம் தொடையளவு. எடை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வந்தது அம்மாவுக்குத் தெரியவே இல்லை. கணுக்கால் வீக்கமும் தொட்டியிலிருந்து வந்த அன்றைக்கெல்லாம் வடிந்திருக்கும். தண்ணீரின் அழுத்தம் சுற்றிலும் கட்டுப் போட்ட மாதிரி வேலை செய்கிறதாம்.

ஒன்றை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கரையேறும்போது போன எடை அத்தனையும் ஒரே நொடியில் திரும்ப ஏறிக்கொள்ளும். முதல் நாள் மேல்படியில் அம்மாவுக்குக் கால் வெடவெடத்து உட்கார்ந்துவிட்டாள். அடுத்த முறையிலிருந்து இரண்டு பேர் பிடித்துக்கொண்டோம்.

மன்னார்குடி மோட்டார் கொட்டகை:

அக்கா, உங்கள் அம்மாவுக்கு முட்டி, எனக்குத் தோள்பட்டை. சர்க்கரை இருக்கிறவர்களுக்கு அதிகம் வரும் என்று டாக்டர் சொன்ன ஃப்ரோசன் ஷோல்டர். துண்டைத் தோளில் போடக்கூட இடது கையைத் தூக்க முடியாது. திருச்சிக்கு அலைய நமக்கு எங்கே தோது? மார்கழியில் போர் தண்ணீர் விடிகாலையில் வெதுவெதுப்பாக வரும் இல்லையா, பம்புசெட் தொட்டியில் கழுத்து வரை முங்கி உட்கார்ந்து, பிசியோ சொல்லிக்கொடுத்த பயிற்சியை அதற்குள் செய்தேன். கை தக்கை மாதிரி தானாக மேலே வருகிறது. அதன் போக்கில் விட்டுவிட்டுக் கடைசியில் மட்டும் கொஞ்சம் நெம்ப வேண்டும். தை அறுப்பு முடியும்போது விரல் காதைத் தொட்டது. வெறுமனே ஊறிக்கொண்டு உட்கார்ந்த நாட்களில் ஒரு பிரயோஜனமும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாயவரத்து மகன்:

வெந்நீர் என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். அப்பாவுக்குக் கால் வலி என்று, நொச்சி இலை போட்டு அண்டாவில் காய்ச்சி, விளாவி, வாளியில் ஊற்றிக் காலை வைக்கச் சொன்னேன். "சுடுதாப்பா?" என்று கேட்டேன். "இல்லையே, இன்னும் ஊத்து" என்றார். ஊற்றினேன். அவருக்குப் பதினெட்டு வருஷ சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சி செத்துப்போயிருந்தது எங்கள் இருவருக்குமே தெரியாது. மறுநாள் பாதம் முழுக்கக் கொப்புளம். ஆறுவதற்கு இரண்டரை மாதம் ஆனது, ஒரு விரல் தப்பியதே அதிர்ஷ்டம். சர்க்கரைக்காரர் சொல்லும் சூட்டை நம்பாதீர்கள். வீட்டில் வேறு யாராவது முழங்கையை விட்டுப் பாருங்கள்.

வீட்டுக்கு வரும் பிசியோ:

மாயவரத்துத் தம்பி சொன்னதைத் திரும்ப ஒருமுறை படித்துவிடுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகிறேன். இந்த மாதிரிப் பாதங்கள் நிறையவே பார்க்கிறேன்.

பயிற்சித் தொட்டியில் 33 முதல் 36 டிகிரி வரைதான் வைப்பார்கள். உடம்புச் சூட்டுக்கு ஒரு படி கீழே. போர் தண்ணீர் அவ்வளவு இருக்காது. மார்கழிக் குளிரில் வெளிக்காற்று சில்லென்று இருப்பதால்தான் அது சூடாகத் தெரிகிறது. மோட்டார் கொட்டகை அண்ணனுக்குத் தோளைத் திறந்தது தண்ணீர் தாங்கியதும், நாள் தவறாமல் அவர் செய்ததும்தான். சூடு தசையைத் தளர்த்திக் கொடுக்கும், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். இதய பலவீனம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கழுத்தளவு நீரில் இறங்கக் கூடாது. காலில் உள்ள ரத்தத்தைத் தண்ணீர் மேலே தள்ளும், இதயத்துக்குச் சுமை கூடும். ஆறாத புண், காய்ச்சல், கட்டுக்குள் வராத பிரஷர், வலிப்பு இருந்தால் வேண்டாம். இருபது, முப்பது நிமிஷம் போதும். முடிந்ததும் நிறையத் தண்ணீர் குடியுங்கள், சட்டென்று எழுந்தால் தலை சுற்றும்.

பக்கவாதக்காரர்கள் வீட்டில், "இந்தத் தண்ணியில இறங்கினா பழையபடி ஆயிடுமா?" என்று கேட்பார்கள். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ரூஸ்வெல்ட்டுக்கு 1921இல், 39 வயதில் கால்கள் முடங்கின; பக்கவாதம் இல்லை, போலியோ என்றார்கள். 1924இல் ஜார்ஜியாவில் உள்ள வார்ம் ஸ்பிரிங்ஸ் ஊற்றுக்குப் போனார். தண்ணீர் 31 டிகிரி. அதற்குள் அவரால் எழுந்து நிற்க முடிந்தது. அந்த இடத்தையே 1926இல் விலைக்கு வாங்கினார், மற்ற நோயாளிகளும் வந்து போனார்கள். ஆனாலும் கரையில் நிற்க, சாகும் வரை அவருக்குக் காலில் இரும்புப் பட்டை வேண்டியிருந்தது. கேட்கிறவர்களிடம் இந்த இரண்டு பாதியையும் சேர்த்தே சொல்லிவிடுவேன்.

திருவையாறு மகள்:

எல்லோருக்கும் நன்றி. தம்பி, அப்பா கால் இப்போது எப்படி இருக்கிறது?

அம்மா இப்போது கைத்தடி மட்டும் வைத்துக்கொண்டு கடைத்தெரு வரை போகிறாள். ஆடிப்பெருக்கு அன்று படித்துறையில் இறங்கியே தீருவேன் என்று பிடிவாதம். பாசிப் படி, ஓடுகிற தண்ணீர், வேண்டவே வேண்டாம் என்று பிசியோ சொல்லிவிட்டார். சரி என்று மேல்படியில் உட்கார்ந்துகொண்டு, பேத்தியைச் சொம்பில் மொண்டுவரச் சொல்லி, அந்த முட்டி மேலேயே ஊற்றிக்கொண்டாள். "சில்லுனு இருக்குடி, திருச்சித் தண்ணி மாதிரி இல்ல" என்று குறை வேறு.