மொறிஸ் மைனர்: புதுப் பிறேக் சூ போட்டால் டிறம் ஏறுதில்லை

கோண்டாவில் மைனர்:
வணக்கம் எல்லோருக்கும். அப்பாவின் 1964 மைனர் 1000, 1098 சிசி. முன் சில்லில் எண்ணெய் அழுத்தத்தால் பிறேக்கைத் தள்ளும் சிலிண்டர் ஒன்று கசிந்து பிறேக் ஒரு பக்கமாக இழுத்ததால் முன்னுக்கு சிலிண்டர், சூ (டிறத்தை உள்ளிருந்து அழுத்தும் வளைந்த இரும்பு) எல்லாவற்றையும் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் இருந்து எடுப்பித்தேன். சிலிண்டர் ஒழுங்காகப் பொருந்தியது. சூவைப் பூட்டினால் இடது பக்கம் டிறம் (சூவை மூடி, சில்லோடு சுற்றும் இரும்புக் கிண்ணம்) ஏறவே இல்லை. வலது பக்கம் ரப்பர் சுத்தியலால் தட்டத் தட்ட ஏறியது, ஆனால் சில்லைக் கையால் சுற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் இறுகுகிறது. திரும்பக் கழட்டிப் பார்த்தால் சூவின் மேல் இருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங்கின் இரண்டு நுனியும் மினுங்குது, நடுவில் டிறம் பட்ட அடையாளமே இல்லை. பழைய சூவைப் புதியதன் மேல் வைத்துப் பார்த்தேன், இரும்பு ஒரே அளவாகத்தான் தெரியுது. கராஜில் லைனிங்கின் நுனிகளைக் கிரைண்டரில் பிடித்துத் தேய்த்தால் சரி என்கிறார்கள். தேய்க்கலாமா?

பழைய சில்லு:
தம்பி, கிரைண்டர் வேண்டாம், பழைய சூவை எறியவும் வேண்டாம். முதலில் டிறத்தின் உள் விட்டத்தை அளந்து பாருங்கள். 1098 என்ஜின் 1962இல் வந்தபோது முன் டிறத்தை 7 அங்குலத்தில் இருந்து 8 ஆக்கினார்கள், பின் டிறம் 7 ஆகவே இருந்தது. 178 மில்லிமீற்றரா 203ஆ என்று பார்த்தால் தெரிந்துவிடும். காரின் பதிவுப் புத்தகத்தில் இருக்கும் ஆண்டை நம்பாதீர்கள். 90களில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டின காலத்தில் யாழ்ப்பாணத்தில் கிடைத்த சாமானைத்தான் பூட்டினோம், ஒரு காரின் முன்பகுதி இன்னொரு காருக்குப் போனதும் உண்டு.

இடது பக்கம் ஏறாததற்குச் சூவைக் குற்றம் சொல்ல முதல், சூவுக்கும் டிறத்துக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டரைப் பாருங்கள். சூ நுனி உட்காரும் பிஸ்டன் தலையில் இருக்கும் அந்தச் சின்னத் துண்டை இடஞ்சுழியாகக் கடைசிவரை திருப்பி உள்ளே விட வேண்டும். அது வெளியே நின்றால் எந்தச் சூவும் ஏறாது. பிஸ்டனும் முழுதாக உள்ளே போயிருக்க வேண்டும். சூவின் மற்ற நுனி எதிர்ப்பக்கச் சிலிண்டரின் வெட்டில் இருந்து ஒரு நூலளவு வெளியே ஏறி நின்றாலும் இதே கதைதான். டிறத்தின் வாயில் கறளும் தேய்மானமும் சேர்ந்து ஒரு படி விழுந்திருக்கும், விரலை உள்ளே விட்டால் தட்டுப்படும், அதிலும் புது லைனிங் முட்டும்.

லேத் ராசன்:
வலது பக்கம் வேறு விஷயம். சூ சுற்றுவதில்லை, டிறம்தான் சுற்றுகிறது. லைனிங் தடிப்பாக இருந்தால் சுற்று முழுக்க இறுக வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் இறுகினால் டிறம் வட்டமாக இல்லை, அல்லது டிறத்துக்கும் அது பூட்டப்படும் ஹப்புக்கும் இடையில் கறள் பொருக்கு ஏதோ அகப்பட்டு டிறம் சரிந்து நிற்குது. முதலில் ஹப் முகத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, டிறத்தைப் பூட்டி, சில்லு நட்டை எல்லாம் இறுக்கிவிட்டுச் சுற்றிப் பாருங்கள். வெறும் இரண்டு ஸ்குறூவில் நிற்கும் டிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

லைனிங் நுனி மட்டும் படுவது, லைனிங்கின் வளைவு உங்கள் டிறத்தின் வளைவைவிட விரிந்து இருப்பதால். மறுபக்கமாக, வளைவு சிறிதாக இருந்தால் நடுவில் மட்டும் படும், அது பெடல் மெத்தென்று போனாலும் ஓட ஓடப் படிந்துவிடும். நுனி படுவது அப்படியல்ல, மைனர் முன் சில்லில் இரண்டு சூவும் முன்தள்ளும் சூ, அதாவது டிறம் சுற்றும் திசையிலேயே தள்ளப்படுபவை, நுனி பட்டவுடன் டிறமே அதை உள்ளே இழுத்துக்கொள்ளும், மழையில் பிறேக் அமத்தினால் கார் ஒரு பக்கம் பாயும். கிரைண்டரில் கைபோன போக்கில் தேய்த்தால் நாலு சூவும் நாலு விதமாக வரும், அது இன்னும் மோசம்.

செய்ய வேண்டியது இதுதான். இரண்டு டிறத்தையும் லேத்தில் ஒரே அளவுக்கு வட்டமாக்குங்கள். உங்கள் பழைய சூ இரும்பு நெளியாமல் இருந்தால் அதற்கே புது லைனிங் அடித்து, அந்த டிறத்தின் அளவுக்கு வளைவைக் கடைந்து தரச் சொல்லுங்கள். பூட்ட முதல் டிறத்தின் உள்ளே வெண்கட்டியைப் பூசி, சூவை உள்ளே வைத்து அசைத்துப் பாருங்கள். வெள்ளை நடுவில் இருந்து நுனிப் பக்கமாகப் பரவி ஒட்டியிருந்தால் நல்லது.

ஒன்று கட்டாயம். பழைய லைனிங் தூசியைக் கொம்பிறசர் காற்றால் ஊதாதீர்கள், பழையதில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

கோண்டாவில் மைனர்:
மிக்க நன்றி அண்ணை. டிறம் 8 அங்குலம்தான். இடது பக்கம் பழைய சில்லு அண்ணை சொன்ன மாதிரியே, அட்ஜஸ்டர் பாதி வெளியே நின்றது, உள்ளே விட்டவுடன் டிறம் தட்டாமலே ஏறிவிட்டது. வலது டிறத்தை லேத்தில் பிடித்தபோது வட்டம் இல்லாதது கண்ணுக்கே தெரிந்தது. இரண்டையும் கடைந்து, பழைய சூவுக்கு லைனிங் அடித்துப் பூட்டினேன், பிறேக் எண்ணெயில் இருந்த காற்றும் எடுத்தாச்சு. இழுவை நின்றுவிட்டது. ஆனால் பெடல் கொஞ்சம் ஆழமாகப் போகிறது, இரண்டாம் தரம் அமத்தினால் மேலே வருது.

பழைய சில்லு:
இரண்டாம் அமத்தலில் மேலே வந்தால் பெரும்பாலும் சூவுக்கும் டிறத்துக்கும் இடைவெளி கூட. ஒவ்வொரு முன் சில்லிலும் இரண்டு அட்ஜஸ்டர் இருக்கு, அவற்றைத் திருப்ப டிறத்தில் துவாரம் ஒன்றுதான். பலர் ஒன்றை மட்டும் திருப்பிவிட்டுச் சில்லை மூடிவிடுவார்கள். ஒன்றை வலஞ்சுழியாகச் சில்லு இறுகும்வரை திருப்பி ஒரு வெட்டுப் பின்னுக்கு விடுங்கள், பிறகு சில்லை அரைச் சுற்றுச் சுற்றி மற்றதையும் அப்படியே செய்யுங்கள். பின் சில்லுக்கு ஒன்றுதான், ஆனால் அதைத் தொட முதல் கான்ட் பிறேக் கேபிள் இரண்டையும் தளர்த்த வேண்டும். பின் சிலிண்டர், அதைத் தாங்கும் பாக் பிளேட் தகட்டின் வெட்டில் இலகுவாக நகர்கிறதா என்றும் பாருங்கள், கறள் பிடித்து நின்றால் ஒரு சூதான் வேலை செய்யும்.

லைனிங் படியும்வரை பெரிய இறக்கமோ பாரமோ வேண்டாம். கொஞ்சத் தூரம் ஓடியதும் நாலு டிறத்தையும் கையால் தொட்டுப் பாருங்கள், ஒன்று மட்டும் மற்றதைவிட நல்ல சூடாக இருந்தால் அந்த அட்ஜஸ்டரை இன்னொரு வெட்டுத் தளர்த்துங்கள்.