ஆம்ஸ்டர்டாமின் பழைய தெருப் படங்கள்: இடம் கண்டுபிடிக்க உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. வரும் மே மாதம் ஒரு வாரம் ஆம்ஸ்டர்டாமில் இருப்பேன். அந்நகரைப் படமெடுத்த யாக்கோப் ஓலி (1834–1905) கேமராவை நிறுத்திய அதே இடங்களில் நின்று படம் எடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஓலி தச்சுத் தொழில் கற்றவர், தொழிற்பள்ளி ஆசிரியர். 1860களில் ஆம்ஸ்டர்டாமின் சாந்த்ஹூக் பகுதியில் தன் வீட்டைச் சுற்றியிருந்த கரையையும் படகுகளையும் எடுத்தார். அது ஈரக் கொலோடியன் காலம். கண்ணாடித் தகட்டில் பூசிய மருந்து காய்வதற்குள் படம் எடுத்து, கழுவியும் முடிக்க வேண்டும். தகட்டில் ஒளி விழ வேண்டிய நேரமும் அதிகம் என்பதால், நடப்பவர்கள் புகைபோலக் கலைந்துவிடுவார்கள். 1890இல் அவர் மறுபடி தொடங்கியபோது நொடிப்பொழுதில் படம் பிடிக்கும் உலர்தகடுகள் வந்திருந்தன. அப்புறம்தான் தெருவில் போகிறவர்கள் தெளிவாகத் தெரிகிறார்கள். எனக்கு அந்த முகங்கள்தான் முக்கியம், கட்டடங்கள் பிறகு.

நகர ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் அவர் படங்கள் இருக்கின்றன. அதில் சுமார் முப்பதைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறேன். சிக்கல் என்னவென்றால், அன்றைய கால்வாய்கள் சில இன்று தெருக்கள். நியூவசெய்ட்ஸ் வோர்புர்க்வல் 1884இல் தூர்க்கப்பட்டதே, அதுபோல.

அங்கே வசிப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? டச்சுப் படக்குறிப்புகளைப் படித்துச் சொல்ல ஒருவர் கிடைத்தால் பெரிய உதவி. பழைய வரைபடத்தை இன்றைய வரைபடத்தோடு பொருத்திப் பார்த்த அனுபவம் உள்ளவர்களும் சொல்லுங்கள். அப்புறம், ஓலியின் கோணத்துக்கு நெருங்கிவர எந்த லென்ஸ் எடுத்துப் போகலாம்? என்னிடம் 35 மி.மீ., 50 மி.மீ. இரண்டும் உள்ளன.